கொக்கலக் களப்பிலிருந்து வந்த அலுமினியத் தட்டு: ஒரு போர்க்கால விமானத்தையும் அதில் இருந்தவர்களையும் தேடுவது எப்படி?

கேள்வி இது: "என் அம்மப்பா இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல விமானத் தளத்தில் களஞ்சியக் காவலராக வேலை செய்தவர். அவருடைய பெட்டியில் உள்ளங்கை அளவு அலுமினியத் தட்டு ஒன்று இருக்கிறது. அதில் 28 என்று தொடங்கும் ஓர் இலக்கம் குத்தப்பட்டிருக்கிறது. 'இலங்கையைக் காப்பாற்றின விமானத்தின் துண்டு' என்று அம்மா சொல்லுவார். அது பேர்ச்சல் என்பவரின் விமானமா? எந்த விமானம், அதில் யார் யார் இருந்தார்கள் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். அது பேர்ச்சலின் விமானத்துத் தட்டாக இருக்க முடியாது. அந்த விமானம் இலங்கைக் கரையிலிருந்து ஏறத்தாழ 350 கடல்மைல் தள்ளி இந்து சமுத்திரத்தின் அடியில் கிடக்கிறது. அதிலிருந்து ஓர் ஆணிகூடக் கரைக்குத் திரும்பவில்லை. அம்மாவிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். அவர் சொன்னதில் பாதி சரியாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. 28 என்று தொடங்கும் பாக இலக்கம் அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் கட்டிய கட்டலினா என்ற, நீரில் இறங்கி ஏறும் 'பறக்கும் படகு' விமானங்களுக்கு உரியது. அந்த நிறுவனம் கட்டலினாவைத் தன் 28ஆம் மாதிரி என்று வைத்திருந்ததால் அதன் பாகங்களில் அந்த எண் முன்னால் வரும். பேர்ச்சல் ஓட்டியதும் கட்டலினாதான், புறப்பட்டதும் உங்கள் அம்மப்பா வேலை செய்த அதே களப்பிலிருந்துதான்.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். பேர்ச்சலின் விமானத்தையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். அது நன்றாகத் தெரிந்த கதை. ஆவணங்களை எப்படிப் படிக்க வேண்டும், எங்கே வழுக்கி விழுவோம் என்பதெல்லாம் அந்த ஒரே விமானத்தை வைத்துக் காட்டிவிடலாம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனடிய விமானப்படையின் 413ஆவது படையணி 1941இல் ஸ்கொட்லாந்தில் உருவானது, பிறகு ஷெட்லண்ட் தீவுகளுக்குப் போனது. சிங்கப்பூர் விழுந்ததும் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. ஸ்குவாட்ரன் லீடர் லியொனார்ட் பேர்ச்சல் கொக்கலவில் வந்து இறங்கியது 1942 ஏப்ரல் 2. ஒரு நாள் இடைவெளி. ஏப்ரல் 4 விடியுமுன் ஏஜே155 என்ற இலக்கமுடைய கட்டலினாவில் ஒன்பது பேராகக் கிளம்பினார்கள். தென்கிழக்கே நாள் முழுவதும் கடலைப் பார்த்துக்கொண்டே பறந்தார்கள். பிற்பகல் நான்கு மணியளவில் தெற்கு அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படை. அக்காகி, சோர்யூ, ஹிர்யூ, ஷோகாக்கு, ஸுய்காக்கு என்ற ஐந்து விமானந்தாங்கிகள் அதில் இருந்தன. கம்பியில்லாத் தந்தியில் செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே ஸீரோ போர்விமானங்கள் சூழ்ந்துகொண்டு சுட்டன. விமானம் கடலில் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள், ஆறு பேரை இசோகாஸே என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் தூக்கிக்கொண்டது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பு தாக்கப்பட்டபோது துறைமுகத்துக் கப்பல்கள் பல ஏற்கெனவே வெளியேறியிருந்தன. பேர்ச்சலுக்கு "இலங்கையின் இரட்சகர்" என்று பெயர் வந்தது.

இனி உங்கள் தட்டு. புதிதாகத் தேடத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்குகிறார்கள். பாக இலக்கத்தை விமானத்தின் இலக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள். 28 என்று தொடங்குவது, இந்தப் பாகம் எந்த வகை விமானத்தில் எந்த இடத்துக்கு உரியது என்று மட்டும் சொல்லும். ஆயிரக்கணக்கான கட்டலினாக்களில் அதே இடத்தில் அதே எண் இருந்திருக்கும். அதே நிறுவனத்தின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தின் பாகங்கள் 32 என்று தொடங்கும், ஸ்பிட்பயர் போர்விமானத்தின் பாகங்கள் பல 300 என்று தொடங்கும். தனி விமானத்தைச் சுட்டுவது ஏஜே155 போன்ற வரிசை இலக்கம். அது விமானத்தின் வால்பக்க உடலில் வண்ணத்தால் எழுதப்பட்டிருக்கும், உடைந்த துண்டில் அகப்படுவது அபூர்வம். இயந்திரத் தட்டு கிடைத்தாலும் அவசரப்படாதீர்கள். பிராட் அண்ட் விட்னியின் ட்வின் வாஸ்ப் என்ற அந்த இயந்திரம் கட்டலினாவிலும் இருந்தது, லிபரேட்டரிலும் இருந்தது, டக்கோட்டா என்ற போக்குவரத்து விமானத்திலும் இருந்தது. ஒருவர் லிபரேட்டர் என்று உறுதியாக நம்பி இரண்டு வருடம் தேடிய துண்டு கடைசியில் டக்கோட்டாவாகிப் போனதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆகவே தட்டிலிருந்து நேரே ஒரு விமானத்துக்குத் தாவ முடியாது. சுற்றி வர வேண்டும். அம்மப்பா எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அங்கே இருந்தார்? அவருடைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, கடிதம், தளத்தில் எடுத்த ஒளிப்படம் ஏதாவது இருக்கிறதா? ஒளிப்படத்தில் பின்னால் ஒரு விமானம் நின்றால் அதன் உடலில் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். 413ஆவது படையணியின் குறியெழுத்து கியூஎல். பேர்ச்சலின் விமானம் அந்த அணியின் 'ஏ'. அதே தளத்தில் பிரித்தானிய விமானப்படையின் 205ஆவது படையணியும் கட்டலினாக்களோடு இருந்தது. காலமும் படையணியும் தெரிந்துவிட்டால் கதவு திறந்துவிடும். ஏனென்றால் ஒவ்வொரு படையணியும் நாள்தோறும் ஒரு நடவடிக்கைப் பதிவேடு எழுதியாக வேண்டும்.

அந்தப் பதிவேடுதான் இந்தத் துறையின் உயிர்நாடி. இரண்டு படிவங்களாக இருக்கும். படிவம் 540 அன்றாடச் சுருக்கம்: யார் வந்தார், யார் போனார், வானிலை எப்படி, யாருக்குப் பதவி உயர்வு. படிவம் 541இல்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. ஒவ்வொரு பறப்புக்கும் விமானத்தின் இலக்கம், உள்ளே இருந்த ஒவ்வொருவரின் பெயர், பணி, ஏறிய நேரம், இறங்கிய நேரம், என்ன நடந்தது என்ற குறிப்பு. திரும்பி வராத விமானத்துக்கு இறங்கிய நேரம் இருக்காது. அந்தக் கட்டத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கை கொஞ்சம் நிற்கும். பிரித்தானியப் படையணிகளின் பதிவேடுகள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' என்ற வரிசையில் இருக்கின்றன. தளங்களின் பதிவேடுகள் 'ஏர் 28'. கனடியப் படையணிகளின் பதிவேடுகள் ஒட்டாவாவிலுள்ள கனடா நூலகமும் ஆவணக் காப்பகமும் என்ற நிறுவனத்திடம் இருக்கின்றன. நுண்படச் சுருள்களாக இருந்தவை இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. பெயர் வைத்துத் தேட முடியாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பொறுமையாகப் புரட்டுங்கள். உங்கள் அம்மப்பா வேலை செய்த ஆண்டுகளின் கொக்கல வாழ்க்கையே அதில் வரி வரியாக வந்து நிற்கும்.

பதிவேட்டை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அதை எழுதியவர் விமானத்தில் இருந்தவர் அல்ல, அலுவலகத்தில் தட்டச்சுப்பொறி முன் உட்கார்ந்த ஒருவர். சில மாதங்களில் நாள் முடிந்து நெடுநேரம் கழித்து, வெவ்வேறு துண்டுக் காகிதங்களிலிருந்து சேர்த்து எழுதியிருப்பார். பெயர்களில் எழுத்துப் பிழை சர்வ சாதாரணம். விமான இலக்கத்தில் ஓர் இலக்கம் முன்பின்னாக மாறியிருக்கும். அதனால் இன்னோர் ஆவணத்தோடு ஒத்துப் பார்க்காத எந்த இலக்கத்தையும் நான் குறிப்பேட்டில் மையால் எழுதுவதில்லை, பென்சில்தான்.

ஒத்துப் பார்க்க உதவுவது விமானத்தின் சொந்த அட்டை. வான் அமைச்சின் படிவம் 78 என்பது ஒரு விமானம் தொழிற்சாலையிலிருந்து வந்த நாள், எந்த அலகுக்குப் போனது, எப்போது கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்பதைக் குறிக்கும் அட்டை. விபத்துகளுக்குப் படிவம் 1180. இவை இலண்டன் ஹெண்டனிலுள்ள விமானப்படை நூதனசாலையின் பொறுப்பில் இருக்கின்றன. பிரித்தானியாவுக்குள் இருந்த விமானங்களுக்கு இந்த அட்டை அருமையாக இருக்கும். கடல் கடந்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்துவிட்டால் அட்டை பெரும்பாலும் ஊமையாகிவிடும். அதற்குமேல் படையணிப் பதிவேடுதான் கதி.

ஆட்களைத் தேடும்போது பெயரைவிடச் சேவை இலக்கம் பெரிது. ஸ்மித், தொம்சன் என்று நூறு பேர் இருப்பார்கள், இலக்கம் ஒருவருக்குத்தான். கனடிய விமானப்படையில் அதிகாரிகளின் இலக்கம் 'ஜே' என்றோ 'சி' என்றோ தொடங்கும், மற்ற நிலையினருக்கு 'ஆர்'. அது தெரிந்தால் எந்த நாட்டு ஆவணத்தைத் திறக்க வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும். இந்த இடத்தில்தான் ஏஜே155 ஒரு நல்ல பாடம். 413 கனடியப் படையணி என்பதால் ஒன்பது பேரும் கனடியர் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். பேர்ச்சலும் வழித்திசை கணித்த ஒன்யெற்றும் கனடியர். மற்றவர்களில் பெரும்பாலோர் பிரித்தானிய விமானப்படையைச் சேர்ந்தவர்கள். அவர்களை ஒட்டாவாவில் எவ்வளவு காலம் தேடினாலும் தனிக் கோப்பு கிடைக்காது. படையணியின் கொடி வேறு, ஆளின் கோப்பு வேறு.

இறந்தவர்களைத் தேட முதலில் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழுவின் பெயர்ப் பட்டியலுக்குப் போங்கள். கட்டணம் இல்லை. பெயர், சேவை இலக்கம், படையணி, இறந்த நாள், சில வேளைகளில் பெற்றோரின் பெயரும் ஊரும் இருக்கும். இந்தப் பகுதியின் வானிலும் கடலிலும் மறைந்து, கல்லறை இல்லாமற்போன விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியிலுள்ள நினைவுச் சுவர்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே மொத்தம் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். ஒரே நாள், ஒரே படையணி என்று வடிகட்டினால் ஒரு விமானத்தின் குழுவே சேர்ந்து வந்துவிடும். அதன் பிறகு, கனடியர் என்றால் சேவையில் இறந்தோரின் கோப்புகள் ஒட்டாவாவில் திறந்திருக்கின்றன. ஆஸ்திரேலியர் என்றால் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏ705 வரிசையில் விபத்து, இழப்புக் கோப்புகள். அமெரிக்க விமானமென்றால் 'காணாமற்போன விமானக்குழு அறிக்கை' என்று ஒன்று 1943இலிருந்து எழுதப்பட்டது. அதில் ஆட்களின் பெயர் மட்டுமல்ல, இயந்திரங்களின் இலக்கமும் இயந்திரத் துப்பாக்கிகளின் இலக்கமும்கூட இருக்கும். அஸாம் மலையில் கிடைத்த ஒரு துருப்பிடித்த துப்பாக்கியிலிருந்து ஒரு குடும்பத்தின் வாசல்வரை போக முடிவது அதனால்தான். அமெரிக்கத் தரைப்படை, அதன் கீழிருந்த வான்படை ஆகியவற்றின் ஆட்கோப்புகளில் பெரும்பகுதி 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரத் தீவிபத்தில் எரிந்துபோனது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். "கோப்பு இல்லை" என்ற பதில் வந்தால் ஆள் இல்லை என்று பொருள் அல்ல.

விமானிகளின் சொந்தப் பறப்பேடும் உண்டு. இரவுப் பறப்பைச் சிவப்பு மையால் எழுதியிருப்பார்கள். உரிமை கோரப்படாமல் கிடந்த ஏடுகளில் மிகப்பெரும்பாலானவை 1960 வாக்கில் அழிக்கப்பட்டுவிட்டன. ஆகவே குடும்பங்களிடம் இருப்பதுதான் மிச்சம்.

இனி நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் ஏமாறாத ஆளே இல்லை. 1942 ஜனவரியில் இலங்கை தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. ஏப்ரலில் கிரீன்விச்சைவிட ஆறு மணி நேரம் முன்னால் இருந்தது. செப்ரெம்பரில் இன்னொரு அரை மணி சேர்ந்தது, அது 1945 ஒக்ரோபர்வரை நீடித்தது. பிரித்தானிய விமானப்படை ஆவணங்களில் சில கிரீன்விச் நேரத்திலும் சில உள்ளூர் நேரத்திலும் இருக்கும். ஜப்பானியக் கடற்படை உலகின் எந்த மூலையில் நின்றாலும் டோக்கியோ நேரத்திலேயே எழுதியது. பேர்ச்சல் புள்ளிகளைக் கண்ட அந்தப் பிற்பகல் நான்கு மணி, கிரீன்விச் ஏட்டில் காலை பத்து, ஜப்பானிய ஏட்டில் இரவு ஏழு. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒருவர் இது மூன்று வேறு சம்பவங்கள் என்று முடிவுகட்டிவிடக்கூடும். "இரவில் விளக்கு வெளிச்சத்தில் சுட்டு வீழ்த்தினார்கள்" என்றுகூட எழுதிவிடலாம். நான் எந்த ஆவணத்தைத் திறந்தாலும் முதலில் பார்ப்பது இதில் எந்த ஊர்க் கடிகாரம் ஓடுகிறது என்பதைத்தான்.

தூரத்திலும் அதே பொல்லாப்பு. பேர்ச்சல் எதிரியைக் கண்ட இடம் 350 மைல் என்று ஓரிடத்தில் படிப்பீர்கள், 400 என்று இன்னோரிடத்தில் படிப்பீர்கள். ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்று தோன்றும். 350 கடல்மைலைத் தரைமைலாக மாற்றிப் பாருங்கள், ஏறத்தாழ 403 வரும். சண்டை இல்லாத இடத்தில் சண்டை மூட்ட வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பின் ஏடுகளைப் பார்க்காமல் எந்த விமான வரலாறும் முழுமையாகாது. ஜப்பானிய விமானந்தாங்கிகளின் வான்பிரிவுகள் ஒவ்வொரு நாளுக்கும் செயலறிக்கை எழுதின: எந்தெந்த விமானி எத்தனை மணிக்குப் பறந்தெழுந்தார், எத்தனை குண்டு செலவாயிற்று, தன் விமானத்தில் எத்தனை குண்டு பாய்ந்தது என்பதுவரை. ஆசிய வரலாற்றுப் பதிவேடுகளுக்கான ஜப்பானிய மையம் அவற்றை இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. மொழி தடையாகத் தோன்றும், ஆனால் பெயரும் எண்ணும்தான் அதிகம். நாள், கப்பற்பெயர், நேரம் ஆகிய எழுத்துகளை அடையாளம் காணப் பழகிவிட்டால் பாதி வேலை ஆகிவிடும். இதனால் கிடைக்கும் பயனுக்கு ஓர் உதாரணம்: ஏப்ரல் 5 கொழும்புத் தாக்குதலில் இருபதுக்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியதாகப் பிரித்தானியத் தரப்பு அப்போது நம்பியது. ஜப்பானிய ஏடுகளில் அன்று கொழும்புக்கு வந்து திரும்பாதவை ஏழு. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டால் மூவரும் தாங்கள் வீழ்த்தியதாகத்தான் நினைப்பார்கள்.

"இலங்கையைக் காப்பாற்றினார்" என்ற சொல்லையும் இதே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை கிடைத்தது உண்மை. ஆனால் மறுநாள் காலை எதிரி தலைக்கு மேல் வந்தபோது இரத்மலானையில் பிரித்தானியரின் ஹரிக்கேன் போர்விமானங்கள் இன்னும் தரையில்தான் நின்றன. அன்றே டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கி 424 பேர் இறந்தார்கள். பேர்ச்சலின் துணிவு எனக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது. சிறைமுகாமில் தன் ஆட்களுக்காக அடி வாங்கியது, ஒளித்துவைத்து எழுதிய நாட்குறிப்புகள் பின்னால் போர்க்குற்ற விசாரணையில் சான்றானது எல்லாம் அவருடைய பெருமைதான். பட்டப்பெயர் அவர் கேட்டு வாங்கியதல்ல, செய்தித்தாள்கள் கொடுத்தது.

பேர்ச்சல் 2004 வரை வாழ்ந்தார், பல மேடைகளில் அந்த நாளைப் பற்றிப் பேசினார். உயிர் பிழைத்தவரின் வாய்மொழி விலைமதிப்பில்லாதது. ஆனால் அதையும் சோதிக்கலாம், அப்படிச் சோதிப்பது அவமரியாதை அல்ல. திரும்ப வேண்டிய நேரத்தில், நிலவு எழுந்தால் இடத்தைச் சரியாகக் கணிக்கலாம் என்பதற்காக இன்னொரு சுற்றுப் போனதாகவும், அதனால்தான் கப்பல்கள் கண்ணில் பட்டதாகவும் கதை சொல்லும். அன்று நிலவு எப்போது எழுந்தது? இதற்கு வானியல் நூல்கூட வேண்டாம். உயிர்த்த ஞாயிறு எப்போதும் பூரணைக்குப் பின்னால் வரும் ஞாயிறு. 1942இல் பூரணை ஏப்ரல் 1. ஆகவே ஏப்ரல் 4இல் நிலவு தேய்பிறை, சூரியன் மறைந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் சென்றுதான் எழுந்திருக்கும். அப்படியானால் நான்கு மணிக்கு அவர்கள் நிலவு வருவதற்காகக் காத்திருந்த நேரம் குறுகியதல்ல. இரவு வரை கடலுக்கு மேலேயே பறந்துகொண்டிருக்கத் தயாராக இருந்திருக்கிறார்கள். இருபது மணி நேரத்துக்கு மேல் வானில் நிற்கக்கூடிய கட்டலினாவுக்கு அது முடியாத காரியமல்ல. கதை பொய்யாகவில்லை, இன்னும் தெளிவாகிறது. விடியுமுன் ஏறியவர்கள், முன்தினம்தான் புது ஊரில் கண் விழித்தவர்கள், இன்னும் பல மணி நேரம் பறக்கத் தயாராக இருந்தார்கள்.

இப்போது இன்னொரு விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 9, திருகோணமலை தாக்கப்பட்ட நாள். அதே 413ஆவது படையணியின் இன்னொரு கட்டலினா, பிளைட் லெப்டினன்ட் ரே தொமஸ் தலைமையில் போனது. அதே கப்பற்படையைக் கண்டது, அதே போலச் செய்தி அனுப்பியது, அதே போலச் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒருவரும் மிஞ்சவில்லை. பேர்ச்சலைத் தெரிந்த நூறு பேரில் தொமஸைத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அதிசயம். செய்த வேலையில் குறைவில்லை. வந்து சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். ஏஜே155க்குள்ளும் இதே கதை இருக்கிறது. டேவிட்சன், ஹென்செல், கொலரோசி என்ற மூன்று சார்ஜன்ட்கள் அன்று இறந்தார்கள். செய்தியைத் தட்டி அனுப்பியவர் தலைவர் அல்ல, கம்பியில்லாத் தந்திக்காரர். இடத்தைக் கணித்தது ஒன்யெற். எல்லா நூலும் "பேர்ச்சல் கண்டார், பேர்ச்சல் அனுப்பினார்" என்று எழுதும். ஒரு விமானத்தின் வரலாற்றைத் தேடுகிறேன் என்று இறங்கினால் படிவம் 541இல் இருக்கும் ஒன்பது பெயரையும் எழுதிக்கொண்டு, ஒன்பது பேருக்கும் சமமாக நேரம் செலவழியுங்கள் என்றுதான் நான் எல்லோரையும் கேட்பேன். புகழ் பெற்றவரைத் தேட ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

கோப்பில் "கடலில் விழுந்ததாகக் கருதப்படுகிறது" என்று இருந்தால் அந்தக் "கருதப்படுகிறது" என்ற சொல்லைக் கவனியுங்கள். லிபியாவின் சோலுக்கிலிருந்து 1943 ஏப்ரல் 4 அன்று நேப்பிள்ஸுக்குப் போன 'லேடி பி குட்' என்ற லிபரேட்டர் திரும்பவில்லை. மத்தியதரைக் கடலில் விழுந்திருக்கும் என்று முடிவு செய்தார்கள். 1958இல் எண்ணெய் தேடுவோர் அதைப் பாலைவனத்தில், கடற்கரையிலிருந்து 700 கிலோமீற்றர் உள்ளே கண்டார்கள். ஒன்பது பேரும் பாராசூட்டில் குதித்திருந்தார்கள். ஒருவரின் பாராசூட் சரியாக விரியாததால் அவர் அங்கேயே இறந்தார், மற்ற எட்டுப் பேரும் கரை பக்கத்தில்தான் என்று நினைத்து நாட்கணக்கில் மணலில் நடந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரின் நாட்குறிப்பு பிறகு அகப்பட்டது. பதினைந்து வருடம் அந்தக் குடும்பங்கள் கடலைப் பார்த்து அழுதிருப்பார்கள்.

நம் ஊர்ப் பக்கத்து ஞாபகங்களையும் ஆவணமாக நினையுங்கள். கொக்கலத் தளம் கட்டுவதற்காக அந்தக் கிராமத்து மக்களை அவசரமாக வெளியேற்றினார்கள். எந்தப் படையணிப் பதிவேடும் அவர்கள் பக்கத்துக் கதையைச் சொல்லாது. தளத்தில் வேலை செய்த சமையற்காரர், காவலர், படகோட்டிகளின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பலாலி ஓடுதளம் காங்கேசன்துறைத் தளம் என்ற பெயரில் அந்தக் காலத்தில் லிபரேட்டர்களால் நிறைந்திருந்தது. சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றம் ஏரியில் 240ஆவது படையணியின் கட்டலினாக்கள் இறங்கி ஏறின. மட்டக்களப்புக் கல்லடிக்கு வெளியே கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் எங்கே கிடக்கிறது என்பதை மீனவர்கள் எந்த வரைபடமும் பார்க்காமல் சொல்லுவார்கள். சீனக்குடா எண்ணெய்க் குதத்தில் ஒரு ஜப்பானிய விமானம் விழுந்த கதையைத் திருகோணமலையில் எல்லோரும் தற்கொலைத் தாக்குதல் என்றே சொல்லுவார்கள். விழுந்ததற்குச் சான்று இருக்கிறது, விமானியின் மனத்துக்குச் சான்று இல்லை. கேட்டதை அப்படியே எழுதுங்கள், யார் சொன்னார், எந்த ஆண்டு சொன்னார் என்பதோடு.

எங்காவது சிதைவே கண்ணில் பட்டால் கை வைக்க வேண்டாம். வெடிக்காத குண்டு இருக்கலாம், மனித எலும்பு இருக்கலாம். அந்த இடம் ஒருவரின் கல்லறையாகவும் இருக்கலாம். இடத்தைக் குறித்து, ஒளிப்படம் எடுத்து, பொலிஸாருக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். இறந்தவரின் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டால் முதல் கடிதத்திலேயே அவர் எப்படி இறந்தார் என்று எழுதிவிடாதீர்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று கேளுங்கள். எண்பது வருடம் ஆனாலும் ஒரு பெரியப்பாவின் மரணம் சில வீடுகளில் இன்னும் நேற்றையதுதான்.

உங்கள் தட்டுக்கு இப்போதைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அதைத் தேய்க்கவோ பளபளப்பாக்கவோ வேண்டாம். சாய்வான வெளிச்சத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒளிப்படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். பச்சையோ மஞ்சளோ பழைய பூச்சு ஒட்டியிருந்தால் அதையும், ஆணித் துளைகளின் இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள். முழு இலக்கத்தையும் கோடு, புள்ளி விடாமல் எழுதுங்கள். அந்த எண் கட்டலினாவின் எந்தப் பகுதிக்கு உரியது என்று பாகப் பட்டியலில் பார்த்துச் சொல்ல முடியும். அம்மாவிடம் அம்மப்பா கொக்கலவுக்குப் போன மாதத்தையும் திரும்பிய மாதத்தையும் கேட்டு வையுங்கள், கோயில் திருவிழா, பிறப்பு, கலியாணம் எதை வைத்தாவது. அந்த இரண்டு மாதங்கள் கிடைத்தால் எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று சேர்ந்து பார்க்கலாம்.